முள், சிலாம்பு, உண்ணி: வந்த வழியிலேயே முழுசாக எடுப்பது எப்படி

பாலாற்றுப் படுகையில் தண்ணீரைவிட வேலிக்காத்தான்தான் அதிகம். ஏரிக்கரை, கொல்லைமேடு, வாய்க்கால் ஓரம் எங்கே கால் வைத்தாலும் அதன் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் புல்லுக்குள் நடந்தால் உண்ணி ஒட்டும். புது மூங்கில் முறத்தை அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் சிலாம்பு, அதாவது மெல்லிய மரச் சில்லு, ஏறும். இதற்கெல்லாம் வைத்தியம் தெரியாத வீடு வட ஆற்காட்டில் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் சீழ் பிடித்த விரல்களில் பல, முள்ளால் அல்ல, முள்ளை எடுத்த விதத்தால் கெட்டவை. பிதுக்கியது, துருப்பிடித்த ஊக்கால் தோண்டியது, எருக்கம்பால் விட்டது, மண்ணெண்ணெய் ஊற்றியது, இப்படி.

எடுக்கும் முறை ஒன்றுதான். உள்ளே போன பொருள் எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில், உடையாமல், நசுங்காமல் திரும்பி வர வேண்டும். முள்ளை நசுக்கினால் உடையும், உண்ணியை நசுக்கினால் அதன் வயிற்றில் இருப்பது நம் காயத்துக்குள் இறங்கும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கான வேலைதான்.

கையில் என்ன வேண்டும்

அந்தக் காலத்தில் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியும் காதுக்குறும்பி வாங்கியும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கும். இன்றும் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் முள்வாங்கி நல்ல கருவிதான், இரண்டு முனையும் சரியாகச் சேர்ந்தால். வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள்: காகிதத்தின் மேல் ஒரு தலைமுடியைப் போட்டு அதைக் கவ்வித் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் முள்ளுக்கும் உண்ணிக்கும் ஆகும். புருவம் திருத்தும் ட்வீசர் பெரும்பாலும் அகலமான சாய்முனை கொண்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிலாம்புக்கு அது போதும், உண்ணிக்கு ஆகாது. தோலுக்கும் உண்ணியின் வயிற்றுக்கும் நடுவே நுழையக்கூடிய கூர்முனை வேண்டும். கைக்கடிகாரமும் செல்போனும் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய ட்வீசர் அந்த வகை.

அதோடு ஒரு தையல் ஊசி. அதைவிட மேல், மருந்துக்கடையில் உறை பிரிக்காமல் கிடைக்கும் இஞ்சக்‌ஷன் ஊசி. நுனி சாய்வாக வெட்டியிருப்பதால் தோலின் மேல்படலத்தைச் சிறு கத்தி மாதிரி திறக்கும். ஒருவருக்கு ஒரு முறைதான், பிறகு மூடியைப் போட்டுக் குப்பைக்கு. சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, சோப்பு, கனத்த தையல் நூல் ஒரு முழம், மூடியுள்ள சிறு குப்பி. கிட்டப்பார்வை மங்கியவர்கள் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தெரியாமல் தோண்டுவதில்தான் பாதிக் காயம்.

ஊசியையும் ட்வீசரையும் தீக்குச்சியில் காட்டினால் போதும் என்பது பழக்கம். கிருமி சாகும், ஆனால் கரி படியும், அந்தக் கரி தோலுக்குள் போய்ப் பச்சை குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். பிறகு அதையே முள் என்று நினைத்து மறுபடி தோண்டுவார்கள். பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், அல்லது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். ஸ்பிரிட் தடவிய ஊசியைத் தீயில் காட்டாதீர்கள், கையில் பற்றிக்கொள்ளும்.

சிலாம்பும் முள்ளும்

கையையும் குத்திய இடத்தையும் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கழுவினால் போதும், ஊறவைக்க வேண்டாம். மரமும் மூங்கிலும் தண்ணீரைக் குடித்து உப்பும், நார் நாராகப் பிரியும், பிடித்து இழுக்கும்போது நடுவில் அறுந்து பாதி உள்ளேயே நிற்கும். காலை வெந்நீரில் வைத்தால் முள் தானே வெளியே வரும் என்பது இந்தக் காரணத்தால்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

செல்போன் டார்ச்சை நேர் மேலே பிடிக்காமல் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடான இடத்துக்குப் பின்னால் நிழல் விழும், சிலாம்பு எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று அந்த நிழல் சொல்லும். உள்ளே போன வாய் எது, நுனி எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

நுனி வெளியே நீட்டியிருந்தால் வேலை சுலபம். இடது கைக் கட்டைவிரலால் தோலை இழுத்து விறைப்பாக்குங்கள். தோலுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே கவ்வி, நுழைந்த சாய்விலேயே மெதுவாக இழுங்கள். நேர் மேலே தூக்கினால் ஒடியும். பிதுக்கி வெளியே தள்ளப் பார்ப்பது எல்லோரும் செய்யும் முதல் தவறு: அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாது, சிலாம்பு உள்ளேயே துண்டாகும், இல்லையென்றால் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

நுனி வெளியே தெரியாமல் தோலுக்கடியில் கோடு போலப் படுத்திருந்தால், ஊசியை அந்தக் கோட்டுக்கு இணையாக, கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். வாய்ப்பக்கம் தொடங்கி, மேலே மூடியிருக்கும் செத்த தோலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் கிழியுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடிமன், அதில் வலியும் இருக்காது, ரத்தமும் வராது. வலித்தாலோ ரத்தம் கசிந்தாலோ கூரையைத் தாண்டித் தரைக்குப் போய்விட்டீர்கள் என்று பொருள். சிலாம்பின் பின்முனை திறந்ததும் ஊசி நுனியால் அதை லேசாக நெம்பி உயர்த்தி, ட்வீசரால் கவ்வி இழுத்துவிடலாம். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். அதற்கு மேல் தோண்டினால் வீங்கிச் சிலாம்பு இருக்கும் இடமே தெரியாமல் போகும், அப்புறம் டாக்டருக்கும் கஷ்டம்.

எடுத்தபின் வந்த துண்டை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். வேலிக்காத்தான் முள் நுனி ஊசிபோலக் கூர்ந்திருக்க வேண்டும். மழுங்கியோ வெட்டியதுபோலவோ இருந்தால் நுனி உள்ளே தங்கியிருக்கலாம். மீண்டும் கழுவி, பெட்டாடைன் தொட்டு, ஒரு பிளாஸ்திரி போட்டால் போதும். மேலாக ஒரு தூசியளவு நிற்கிறது, வலியில்லை, சிவக்கவில்லை என்றால் தோண்டவே வேண்டாம். செத்த தோல் உதிரும்போது அதுவும் சில நாளில் உதிர்ந்துவிடும்.

முள்ளை முள்ளால் எடு என்பதைச் சிலர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, அதே வேலியில் இன்னொரு முள்ளை ஒடித்துக் குத்திக் கிளறுகிறார்கள். ஒரு மண்ணுக்குப் பதில் இரண்டு மண் உள்ளே போகிறது, அவ்வளவுதான். எருக்கம்பாலுக்கும் இதே கதை. அது தோலைப் புண்ணாக்கி வீக்கம் கொடுக்கும், அந்த வீக்கத்தில் முள் சில சமயம் மேலே வருவதுண்டு என்பதால் பேர் வாங்கிவிட்டது. பால் ஒட்டிய விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே புண்ணாகும், பார்வை மங்கிக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும். சாணமும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும் வேண்டாம். சாணத்தில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும்.

சப்பாத்திக்கள்ளிக்கு மட்டும் முறை வேறு. பிள்ளைகள் பழம் பறிக்கப் போய் விரல், உதடு எல்லாம் பூனைமுடி போன்ற நுண்முள்ளோடு வருவார்கள். ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாது, தேய்த்தால் இன்னும் பரவும். கண்ணுக்குத் தெரியும் கொத்துகளை முதலில் ட்வீசரால் எடுங்கள். மிச்சத்துக்கு, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் ஒரு அடுக்கு காஸ் துணியை ஒட்டி, முழுசாகக் காயும்வரை, சுமார் அரைமணி நேரம் விட்டு, ஓரத்திலிருந்து உரியுங்கள். முள்ளெல்லாம் துணியோடு வரும். ஒரே தடவையில் தீராவிட்டால் இன்னொரு தடவை. விரலில் செய்யலாம், உதட்டில் வேண்டாம். உடனே ஒட்டிப்பிடிக்கும் சூப்பர் பசை எங்குமே கூடாது. ஃபைபர் கண்ணாடித் தூசிக்கு அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தாலே போதும்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் காம்போடு நறுக்குகிறவர் விரலில் குத்துவது என்னவோ பழையபடிதான். அந்த முள் குட்டை, ட்வீசரே போதும். காம்பைப் பிடிக்காமல் காயின் அடிப்பக்கம் பிடித்து, முதலில் காம்பை வெட்டி வீசிவிட்டால் அதுவும் வேண்டாம்.

கண்ணாடி, இரும்பு, நகத்தடி

கண்ணாடிச் சில்லு மேலாக நின்று பளபளத்தால் ட்வீசரால் எடுக்கலாம், விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஆழமாகப் போயிருந்தால் கால் ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே நகரும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத்தில் வேலை செய்பவர்களுக்குச் சுருள் இரும்புத் துகள் விரலில் ஏறும். அதுவும் ட்வீசரோடு முடிந்துவிடும். கண்ணில் தெறித்தால் மட்டும் தேய்க்காமல், தொடாமல் நேராகக் கண் மருத்துவர்.

நகத்தடியில் மூங்கில் சிலாம்போ துடைப்பத்து ஈர்க்குச்சியோ ஏறினால் உயிர் போகும். முனை வெளியே இருந்தால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுக் கவ்வி இழுக்கலாம். உள்ளே போய்விட்டால் வீட்டில் முயற்சி வேண்டாம். டாக்டர் விரலை மரக்கவைத்து, நகத்தில் ஆங்கில வி வடிவில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார். இரண்டு நிமிட வேலை.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரமும் முள்ளும் அநேகமாகத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்தபிறகும் அழுத்தினால் அதே ஒரு புள்ளியில் குத்துகிறது என்றால் முள் உள்ளேதான் இருக்கிறது. குத்தியது முள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மரத்துண்டு தெரியும்.

ஈச்ச முள்ளும் வேலிக்காத்தான் முள்ளும் மூட்டுக்கு மேல் குத்தினால் தனிக் கவனம் வேண்டும். முழங்காலிலோ விரல் கணுவிலோ குத்திய முள் ஆறிவிட்டது மாதிரி இருந்து, சில வாரம் கழித்து மூட்டு வீங்கி மடக்க முடியாமல் போகும். வாதம் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், உள்ளே கிடப்பது முள் நுனி. இன்னொன்று, வெறுங்காலோடு கொல்லையில் வேலை செய்பவர்களுக்கு வரும் மதுரைக் கால். 1842-ல் மதுரையில் பணிபுரிந்த மருத்துவர் கில் பதிவு செய்ததால் அந்தப் பேர். முள் குத்திய இடம் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் தடித்து, துளை துளையாக வாய் வைத்து, குருணை போல மணிகள் கசியும். வலியில்லையே என்று விட்டால் எலும்புவரை போகும்.

இவர்கள் எல்லாம் வீட்டில் தோண்டவே கூடாது: காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கண், கழுத்து, மூட்டு, மறைவுறுப்பு ஆகிய இடங்களில் குத்தியவர்கள். குத்திய இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சூடாகி வீங்கினாலும், சீழ் வந்தாலும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றே போக வேண்டும்.

டிடி ஊசி பற்றி ஒரு வார்த்தை. எது குத்தினாலும் உடனே ஊசி என்பது நம் ஊர்ப் பழக்கம். மண்ணும் சாணமும் பட்ட முள், ஆணி போன்றவற்றுக்குக் கடைசியாக ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வேண்டும். சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து வருடம் கணக்கு. பிள்ளைகளுக்குப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அரசுத் திட்டத்தில் போடுவார்கள். முன்பு அது டெட்டனஸுக்கு மட்டும், இப்போது டிப்தீரியாவும் சேர்ந்த ஊசி. இரண்டையும் தமிழில் டிடி என்றே சொல்வதால் குழப்பம் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பது புதியதுதான். வாழ்நாளில் ஊசியே போட்டதில்லை என்கிற பெரியவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு ஒரு ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம்.

உண்ணி

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் மாடு பார்க்கும்போது காது மடலையும் வால் அடியையும் புரட்டிப் பார்ப்பது அதற்குத்தான். மாட்டுண்ணி பெரும்பாலும் மாட்டோடு நிற்கும். நாயுண்ணி வீட்டுச் சுவர் விரிசல்வரை ஏறி முட்டை வைக்கும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில். மனிதர்மேல் ஏறுவது பெரும்பாலும் காட்டுப் புல்லில் காத்திருப்பவை. கடுகைவிடச் சிறியது முதல் ரத்தம் குடித்து ஆமணக்கு விதை அளவு ஊதியதுவரை எதுவாகவும் இருக்கலாம். ஆமணக்குச் செடிக்கும் உண்ணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உருவம்தான் அப்படி.

உண்ணியின் வாய் தூண்டில் முள் மாதிரி. பின்னோக்கிய பற்கள் கொண்ட ஒரு குழாயைத் தோலில் இறக்கி, பல வகை உண்ணிகள் சுற்றிலும் சிமெண்ட் போட்டதுபோல ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதில் மரை கிடையாது. அதனால் திருகி எடுப்பதில் அர்த்தமில்லை, திருகினால் தலை அறுந்து உள்ளே நிற்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், புகையிலைச் சாறு, நெயில் பாலிஷ், வேப்பெண்ணெய், ஊதுபத்திச் சூடு, சிகரெட் நெருப்பு எதுவும் வேண்டாம். மூச்சு முட்டித் தானே விழும் என்று நினைக்கிறோம். உண்ணி மூச்சு விடுவதே மிக மெதுவாக, விழுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் தொந்தரவுபட்டு எச்சிலையும் வயிற்றில் இருப்பதையும் காயத்துக்குள் கக்கக்கூடும். நோய்க்கிருமி இருந்தால் அதுதான் அது உள்ளே வரும் வழி. மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை மனிதத் தோலில் தடவுவது அதைவிட மோசம், அது நேரடி விஷம்.

எடுக்கும் முறை:

1. கூர்முனை ட்வீசரை உண்ணியின் பக்கவாட்டில் கொண்டுபோய், தோலை ஒட்டி, தலைப்பகுதியைக் கவ்வுங்கள். ஊதிய வயிற்றைத் தொடவே கூடாது.

2. தோலுக்குச் செங்குத்தாக, நிதானமாக, விடாமல் இழுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தோல் கூடாரம் மாதிரி எழும்பும், அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். சில விநாடியிலோ அரை நிமிடத்திலோ பிடி தளர்ந்து வந்துவிடும். அந்த அரை நிமிடப் பொறுமைதான் இதில் எல்லாம்.

3. கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஸ்பிரிட்டோ பெட்டாடைனோ தொடுங்கள். கையையும் கழுவுங்கள்.

மலை மேல் ட்வீசர் இல்லையென்றால் நூல். ஒரு தளர்ந்த சுருக்கு முடிச்சு போட்டு, உண்ணியின் வயிற்றைத் தாண்டித் தலையடியில் இறக்கி, தோலோடு ஒட்டி இறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்து மேலே இழுங்கள். நூலும் இல்லையென்றால் விரலில் பிளாஸ்டிக் கவரையோ துணியையோ சுற்றிக்கொண்டு, தோலை ஒட்டிப் பிடித்து இழுங்கள். வெறும் நகத்தால் கிள்ளாதீர்கள்.

வாய்ப்பகுதி ஒரு கறுப்புப் புள்ளியாக உள்ளே தங்கிவிட்டால் பதற வேண்டாம். சுலபமாக ட்வீசரில் வந்தால் எடுங்கள். வரவில்லை என்றால் சிலாம்பு மாதிரி தோண்டாமல் விட்டுவிடுங்கள், தோல் ஆறும்போது அது வெளியேறும். அந்த இடத்தில் கடலைப் பருப்பு அளவு முடிச்சு சில வாரம் நிற்பது உண்டு. தலை உள்ளே மாட்டினால் புற்றுநோய் வரும், விஷம் ஏறும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

எடுத்த உண்ணியைத் தரையில் போட்டு நகத்தாலோ செருப்பாலோ நசுக்காதீர்கள். ரத்தம் தெறித்துக் கண்ணிலோ கைக்கீறலிலோ படலாம். நாய்க்கு உண்ணி எடுக்கிற பிள்ளைகள் பட்டுப் பட்டென்று நசுக்கி விளையாடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சோப்புத் தண்ணீரில் அது மணிக்கணக்கில் உயிரோடு நீந்தும். ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு மூடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் இங்கே வேலை உண்டு, உடம்பின் மேல் அல்ல, இந்தக் குப்பிக்குள். குப்பியை ஒரு மாதம் வைத்திருங்கள். தினசரி காலண்டர் தாளில் அன்றைய தேதியைக் குறித்து, உடம்பில் எந்த இடம் என்றும் எழுதி வையுங்கள்.

ஒரே இடத்தில் எள் தூவியதுபோல நூற்றுக்கணக்கில் குட்டி உண்ணிகள் ஏறினால் ட்வீசர் எடுபடாது. ஊர்ந்துகொண்டிருப்பவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, நாடாவை மடித்து ஒட்டிப் போடுங்கள். பிறகு துணி நார் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். ஆடைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும்.

காதுக்குள் உண்ணி போனால் எண்ணெய் விடுவது, பட்ஸ் விடுவது, ஹேர்பின் விடுவது எதுவும் கூடாது. அது செவிப்பறைக்குப் பக்கத்திலேயே கவ்வியிருக்கலாம், பறையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்து எடுப்பார். இமையில் ஒட்டினாலும் கண் மருத்துவரிடம்தான்.

உண்ணி கடித்ததற்காக மட்டும் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. காசு அகலச் சிவப்பும் அரிப்பும் இரண்டு மூன்று நாள் இருப்பது சாதாரணம். அடுத்த முப்பது நாளுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி, மணிக்கட்டு, கணுக்கால், உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் டாக்டரிடம் குப்பியோடும் தேதியோடும் போங்கள். நம் நாட்டில் உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதே. அந்தப் பக்கக் காடுகளுக்குப் போய் வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

எடுக்க ஒன்றுமே இல்லாத கடி

வேலூர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று எல்லோரும் சொல்வது ஸ்க்ரப் டைபஸை. பேர்தான் தப்பு. அதைப் பரப்புவது உண்ணி அல்ல, ஒருவகைச் சிற்றுயிரின் குஞ்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. கண்ணுக்குத் தெரியாது, கடிப்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தானே விழுந்துவிடும். உடம்பில் உண்ணி எதுவும் ஒட்டவில்லையே, அப்படியானால் உண்ணிக் காய்ச்சல் இருக்காது என்று நினைப்பவர்கள் இந்தப் பேரால்தான் ஏமாறுகிறார்கள்.

அது விட்டுப்போகும் அடையாளம் ஒரு கறுப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டதுபோல, நடுவில் கருமை, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆடை இறுகும் இடங்களில் தேட வேண்டும்: அக்குள், மார்புக்கு அடி, இடுப்பில் பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் படும் வரி, தொப்புள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால். உண்ணிக்கும் இதே இடங்களில்தான் தேட வேண்டும், கூடவே தலைமுடிக்குள். எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதற்கடியில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. கடித்த ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். மழைக்காலம் தொடங்கிக் குளிர் முடியும்வரை, மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையிலும் கரும்பிலும் வேலை செய்தவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் இதை நினைக்க வேண்டும். சரியான மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்துதான், ஆனால் டாக்டர் சொல்லித்தான். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளைவரை போய் ஐசியூவில் வைக்க வேண்டிவரும். அந்த அளவுக்கு முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வை முன்னின்று நடத்தியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான்.

புல்லில் துண்டு விரிக்காமல் உட்காருவது, படுப்பது, துணியைப் புல் மேல் உலர்த்துவது மூன்றையும் விடுங்கள். ஏலகிரி, ஜவ்வாது மலை ஏறுபவர்கள் பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளலாம், டீட் கலந்த பூச்சிவிரட்டியைக் கணுக்காலில் பூசலாம். கொல்லையிலிருந்து வந்ததும் அதே துணியோடு கட்டிலில் சாயாமல், துணியை மாற்றி, சோப்புத் தேய்த்துக் குளிப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

காய்ச்சலோடு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது, காட்டு வேலை, மலைப் பயணம், ஆடு மாடு பழக்கம் எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயா, அம்மா போன்றவர்கள் கூச்சப்பட்டு மார்புக்கு அடியிலும் இடுப்புக்குக் கீழேயும் காட்ட மாட்டார்கள், பொருக்கு இருப்பது பெரும்பாலும் அங்கேதான். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே மகளோ மருமகளோ குளிப்பாட்டும்போது பார்த்துவைத்து, எந்த இடம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.